தேளும் உண்ணியும் கொல்லைப்புறத் துணைவர்களும்



போடிநாயக்கனூரிலும் பொட்டிபுரத்திலும் விறகுக்கும் கல்லுக்கும் அடியில் தேள் இருப்பது நமக்குப் புதிதல்ல. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் இருட்டில் செருப்பை மாட்டும்போது கொட்டு வாங்குகிறார்கள். பெரிய கருந்தேளைக் கண்டு நாம் பயப்படுகிறோம். உயிருக்கு ஆபத்தானது சிறிய செந்தேளே. அது கொட்டிய பிள்ளைக்கு வாந்தியும் வியர்வையும் கண்டு, கைகால் சில்லிட்டால் விஷம் இருதயத்தைத் தாக்குகிறது. சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

மகாராஷ்டிராவின் மகாட் என்னும் சிற்றூரில், மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் இதற்குப் பிரசோசின் மாத்திரையைக் கொடுத்துப் பலரைப் பிழைக்க வைத்தார். அது இரத்த அழுத்தத்துக்கான, விலை குறைந்த மருந்து. 2022இல் அவர் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் மந்திரிக்கப் போய் நேரத்தை இழந்தால் மாத்திரை இருந்தும் பயனில்லை.

செருப்பை உதறிப் போடுவோம். கோழி சிறு தேளையும் உண்ணியையும் கொத்தித் தின்னும். ஆந்தையும் மூஞ்சூறும் தேளைப் பிடிக்கும். அவற்றை அடித்து விரட்ட வேண்டாம். உண்ணி கடித்திருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். பின்னர் காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

நண்பர்களே, உங்கள் காணிக்கையோடு இன்னொன்றும் கேட்கிறோம். தேள் கொட்டிய பிள்ளையை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி உங்கள் சபையில் சொல்லுங்கள். அந்தச் சொல்லே ஒரு பிள்ளையைக் காக்கும்.