முக்காலி இருக்கிறது, உட்கார முடிகிறதா?



தொழிலாளர் நலச் சட்டங்கள் பற்றிப் பேசச் சொல்லி வாசகர் வட்டத்து நண்பர்கள் அழைத்திருக்கிறார்கள். எல்லாச் சட்டங்களையும் இந்த ஒரு மாலையில் சொல்லி முடியாது. நம் பிள்ளைகளின் கால்களைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சென்னை தியாகராய நகருக்குத் துணிக்கடை வேலைக்கும் பாத்திரக்கடை வேலைக்கும் போன பிள்ளைகளை நமக்குத் தெரியும். 2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் அந்தப் பிள்ளைகளின் பாட்டைக் காட்டியபோது, அங்கே ரங்கநாதன் தெருவில் பை பையாக வாங்கிப்போனவர்கள் அதிர்ந்துபோனார்கள். பிள்ளையை பஸ் ஏற்றி அனுப்பிவைத்த நமக்கு அது புதுச் செய்தி இல்லை.

2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் வந்தது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும், நேரம் முழுக்க நின்றே தீர வேண்டிய நிலை இருக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. தொழிற்சாலைச் சட்டம் இதை 1948லேயே 44ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. ஆலையில் நிற்பவருக்குக் கிடைத்த உரிமை கடையில் நிற்பவருக்கு வந்து சேர 73 வருடம் ஆகியிருக்கிறது.

நமக்கு முன்பே, 2018இல், கேரளம் இதைச் செய்துவிட்டது. அதுவும் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததல்ல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலியைக்கூட அல்ல, கழிப்பறையை. போக இடமில்லாததால் பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்த பெண்கள் அவர்கள். கழிப்பறைக்காகச் சேர்ந்த கூட்டம்தான் பிறகு உட்காரும் உரிமையையும் கேட்டது.

நிற்பதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைக்கிறவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். நடந்தால் கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுவிடும். ரத்தம் கீழேயே தேங்கும், கால் வீங்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் சிலருக்கு ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்ளும். இருபது வயதுப் பெண்ணுக்கு இது வரலாமா? தீபாவளி, பொங்கல் சீசனில் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்குகிறவரை நின்றால் வரத்தான் செய்யும்.

சரி, சட்டம் வந்துவிட்டது. அது பலித்ததா என்று யாரைக் கேட்பது? ஆய்வுக்கு வருகிற அதிகாரியிடம் ஒரு படிவம் இருக்கும். இருக்கை உள்ளதா, உள்ளது. அதோடு அந்தக் கேள்வி முடிந்துபோகும். கவுண்டருக்குப் பின்னால் முக்காலி இருப்பது உண்மைதான். ஆனால் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று சட்டம் சொல்கிறதே, அந்த வாய்ப்பு எப்போது கிடைத்தது என்று முடிவு செய்கிறவர் யார்? சூப்பர்வைசர்தானே! வாடிக்கையாளர் இல்லையா, அப்படியானால் பிரித்துப் போட்ட சேலையை மடி. மடித்தாயிற்றா, அடுக்கு. தலைக்கு மேலே கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. இந்த நிலையில் முக்காலியை எண்ணிவிட்டுப் போவதை நான் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும். முதலாளியும் சூப்பர்வைசரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொந்தளித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். பத்தே நாள்! அந்தச் சட்டம் தொழிலாளியை என்ன செய்யும் என்று எடுத்துச் சொல்ல அங்கே சங்கம் இருந்தது. துணிக்கடைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் சங்கம் கிடையாது. வேலையும் கடைக்காரரிடம், சோறும் கடைக்காரரிடம், படுக்கை அவர் கொடுத்த விடுதியில். புகார் சொன்னால் அன்றிரவு எங்கே தங்குவது என்று அவள் யோசிப்பாளா மாட்டாளா? ஆகவே புகாரே வரவில்லை, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எந்த அதிகாரியாவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

புகார் சொல்ல முடியாதவர்களின் குரலைக் கேட்க வழி இருக்கிறது. 1994இல் ராஜஸ்தானில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு கிராமத்து மக்களைக் கூட்டி, அரசு வேலைக் கணக்கை உரக்கப் படித்துக் காட்டியது. என் பெயரில் கூலி எழுதியிருக்கிறது, எனக்கு வரவில்லை என்று சனங்கள் எழுந்து நின்று சொன்னார்கள். அந்தப் பொது விசாரணைதான் வளர்ந்து, 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையாக இடம்பெற்றது. கிராமசபை தணிக்கை செய்யலாம் என்றால், கடைத்தெருவுக்கும் அப்படி ஒன்று ஏன் கூடாது? கடைப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பொது இடத்தில் விசாரணை நடத்த வேண்டும். பெயர் வெளியே வராது என்ற உறுதியோடு நடத்த வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரியும் ஒரு மருத்துவரும் அதில் உட்கார வேண்டும்.

அரசு அதைச் செய்கிறவரை நாம் காத்திருக்க வேண்டாம், தாய்மார்களே. பொங்கலுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கடையில் ஒரு நாளில் எத்தனை தடவை உட்காருகிறாய்? உட்கார்ந்தபோது யாராவது திட்டினார்களா? கழிப்பறைக்குப் போக அனுமதி வாங்க வேண்டுமா? சாயங்காலம் கால் வீங்குகிறதா? இதையெல்லாம் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதி, கடை இருக்கும் ஊரையும் குறித்து, பிள்ளையின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, இந்த வாசகர் வட்டத்தில் கொண்டுவந்து கொடுங்கள். நாங்கள் தொகுத்துத் தொழிலாளர் துறைக்கு அனுப்புகிறோம். இதை எழுதுவதற்கான தாள் கட்டு வாசலில் மேசைமேல் இருக்கிறது, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.