வீடு கட்டுவது யாருக்காக?

(செங்கற்பட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டணத்து ஏழை ஜனங்களுக்கு வீடு கட்டுவது பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். நான் இஞ்சினீயருமல்ல, கட்டடக் கலை படித்தவனுமல்ல, பள்ளிக்கூடத்திலேயே அதிக நாள் இருந்தவனல்ல. ஆனால் வீட்டில் குடியிருக்கிறவன். மாதா மாதம் வாடகை கொடுக்கிறவன். மழை பெய்தால் எந்த மூலையில் எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்று தெரிந்தவன். வீட்டைப் பற்றிப் பேச இந்த யோக்கியதை போதும் என்று நினைக்கிறேன். போதாது என்று யாராவது சொன்னால், மோட்சத்தைப் பற்றி நாள்தோறும் பேசுகிறவர்கள் அங்கே எத்தனை நாள் குடியிருந்துவிட்டு வந்து பேசுகிறார்கள் என்று கேட்பேன். (சிரிப்பு)

இந்த ஊர் நம் இயக்கத்துக்குப் புதிய ஊரல்ல. 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 17, 18 தேதிகளில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு இதே செங்கற்பட்டில்தான் நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை ஒட்டிக்கொள்வதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். பலர் அன்றே விட்டார்கள். மனிதன் பெயரிலிருந்து வால் போயிற்று, சரி. ஆனால் அவன் விலாசத்திலிருந்து போயிற்றா? எந்தத் தெரு, எந்தக் கோடி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டுவிட்டால், அவன் இன்னான் என்று இன்றைக்கும் தெரிந்துவிடுகிறதா இல்லையா? ஆகவே பெயரில் ஒழித்ததை வீட்டில் ஒழிக்காதவரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இது தானாக முளைத்த காரியமல்ல. வாஸ்து சாஸ்திரம் என்கிறார்களே, அந்த நூல்களில் வெள்ளை மண் பார்ப்பானுக்கு, சிவப்பு மண் க்ஷத்திரியனுக்கு, மஞ்சள் மண் வைசியனுக்கு, கறுப்பு மண் சூத்திரனுக்கு என்று மண்ணுக்கே வருணம் பிரித்திருக்கிறது. கௌடில்யன் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரத்திலோ, சண்டாளர் குடியிருக்க வேண்டிய இடம் சுடுகாட்டுக்கு அப்பால் என்று விதித்திருக்கிறது. அதோடு வேதத்தை ஒப்பாத பாஷண்டிகளையும் அங்கேயே சேர்த்திருக்கிறது. ஆகையால் தோழர்களே, அந்தக் காலமாயிருந்தால் இந்தக் கூட்டமும் சுடுகாட்டுப் பக்கத்தில்தான் நடந்திருக்கும். (கைதட்டல், சிரிப்பு)

நிற்க. இப்படிப்பட்ட நாட்டில் வந்து, வீடு கட்டும் படிப்பு படித்த ஒரு வாலிபன் என்ன செய்தான் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன். அவர் பெயர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பட்டணத்தில் பிறந்தவர். பர்மிங்ஹாம் அக்காலத்தில் ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே தொழிலாளிக்குக் கட்டிய வீடுகள் ஒன்றோடொன்று முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்பக்கம் ஒரு சன்னல்கூட இராது. காற்றுக்கும் வழியில்லை, வெளிச்சத்துக்கும் வழியில்லை. ஏழையைப் பெட்டியில் போட்டு அடைப்பது நம் நாட்டுச் சரக்கு மாத்திரமல்ல என்பதற்காக இதைச் சொல்லுகிறேன். அந்தப் பட்டணத்திலேயே கட்டடக் கலை படித்து 1937-ல் தேறினார்.

தேறின கையோடு நல்ல உத்தியோகம் பார்த்துப் பணம் சேர்த்திருக்கலாம். ஆனால் யுத்தம் வந்தது. ஆளைக் கொல்லும் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லி, வைத்திய உதவிப் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே குஷ்டரோகிகளுக்குப் பணிவிடை செய்தார். ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியாரைச் சந்தித்தார். வீடு கட்டுவதற்கு வேண்டிய சாமான்கள் அந்த இடத்திலிருந்து 5 மைலுக்குள்ளேயே கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது காந்தியார் சொன்ன யோசனை. காந்தியாரின் வருணாசிரமக் கொள்கைக்கு நாம் விரோதிகள் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக அவர் சொன்ன கணக்கு தப்பென்று சொல்லிவிட மாட்டோம். யார் சொன்னாலும் புத்தியில் உரைத்துப் பார்த்து, சரியானால் எடுத்துக்கொள்வதுதான் பகுத்தறிவு. பேக்கர் கிறிஸ்து மத பக்தர். அது அவர் பாடு. அவர் கட்டின சுவரைப் பார்ப்போம்.

1945-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார். குஷ்டரோகிகளுக்காக நடந்த மிஷனில் அவருக்குக் கட்டட வேலை. அக்காலத்தில் குஷ்டம் என்றால் பூர்வ ஜென்ம பாவம் என்றார்கள். பாவிக்கு எதற்கு வீடு? ஊருக்கு வெளியே நாலு சுவர் எழுப்பி உள்ளே தள்ளினார்கள். ஆனால் அந்த 1940-களில்தான் சல்போன் வகை மருந்துகள் வந்தன. இதோ இந்தச் செங்கற்பட்டில், திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் குஷ்டரோக ஆசிரமத்தில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பவர் அம்மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். அந்த ஆசிரமம்தான் 1955-ல் மத்திய சர்க்காரின் குஷ்டரோகப் போதனை ஆராய்ச்சி நிலையமாயிற்று. பூர்வ ஜென்ம பாவம் ஊசிக்கும் மாத்திரைக்கும் ஓடிப்போயிற்று! பாவம் போன பிறகு சுவர் எதற்கு? அடைத்து வைக்கும் கொட்டடிகளை, குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பும் ஆஸ்பத்திரிகளாக மாற்றுவதுதான் இந்தியாவில் பேக்கர் செய்த முதல் உத்தியோகம். கட்டட மாணாக்கன் ஒருவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. மனிதனை ஒதுக்கி வைக்கிற சுவர் முதலில் மூளையில் எழுப்பப்பட்டு, பிறகுதான் மண்ணில் எழுப்பப்படுகிறது என்பதை அவர் அங்கே கண்டிருப்பார்.

இன்னொரு பாடமும் படித்தார். பர்மிங்ஹாமில் படித்த படிப்பு இங்கே உதவவில்லை. செம்பாறாங்கல், பச்சை மண், சாணி, மூங்கில், ஓலை ஆகியவற்றைப் பற்றி அந்தப் புத்தகங்களில் பாடமில்லை. 1948-ல் டாக்டர் எலிசபெத் ஜேக்கப் என்னும் மலையாள அம்மையாரை மணந்து, இருவரும் இமயமலைப் பக்கம் பித்தோரகர் என்னுமிடத்தில் சுமார் 16 வருஷம் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். பட்டம் பெற்றவர் அங்கே பட்டமில்லாத மலைக் குடியானவர்களின் வீடுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இந்தச் சுவர் ஏன் இவ்வளவு கனம்? இந்தக் கூரை ஏன் இவ்வளவு சரிவு? கேட்டால் ஒவ்வொன்றுக்கும் குளிர், மழை, காற்று என்று ஒரு காரணம் இருந்தது. ராகு காலமோ குளிகை காலமோ எந்தச் சுவரையும் தாங்கி நிற்கவில்லை.

குடிசையிடம் பாடம் கேட்பது கேவலம் என்று யாராவது நினைத்தால், அவர்கள் ஒருநாள் மாமல்லபுரம் போய் வரட்டும். அங்கே திரௌபதி ரதம் என்று ஒன்று இருக்கிறது. 7-ம் நூற்றாண்டு வேலை. ஒரே பாறையில் செதுக்கியது. அதன் வடிவம் என்ன? ஓலைக் குடிசை! ஏழையின் கூரையைப் பார்த்து அப்படியே கல்லில் செதுக்கி, உள்ளே துர்க்கையைக் குடிவைத்தார்கள். வடிவத்தைக் கொடுத்தவன் குடிசைக்காரன். செதுக்கினவன் கல் தச்சன். குடியேறியது கல் பொம்மை. அந்தத் தச்சன் குடியிருந்த வீடு எங்கே என்று தேடிப் பாருங்கள், சுவடுகூட இல்லை. 1,300 வருஷமாக நம் நாட்டில் கல் சாமிக்கும் ஓலை மனிதனுக்கும் என்றுதானே கணக்கு நடந்திருக்கிறது! பேக்கர் செய்தது என்னவென்றால், குடிசையில் கற்ற பாடத்தைக் குடிசைக்காரனிடமே திருப்பிக் கொடுத்ததுதான்.

எப்படிக் கொடுத்தார்? 1960-களில் கேரளத்துக்கு வந்து, பிறகு திருவனந்தபுரத்தில் தங்கினார். கொத்தனார்கள் இங்கே வந்திருப்பீர்கள், கவனியுங்கள். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுகிறோம். அவர் கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு கல்லுக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினார். இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். 9 அங்குலச் சுவர் 9 அங்குலமாகவே இருக்கும். ஆனால் 1,000 கல் பிடிக்கிற சுவர் சுமார் 750 கல்லில் முடியும். நடுவில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாது. தளம் போடும்போது, அடிப்பாகத்துக் காங்கிரீட் பாரம் தாங்கும் வேலையை அதிகமாகச் செய்வதில்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்து, சிமெண்டை மிச்சப்படுத்தினார். சன்னல் என்றால் நிலை, கதவு, கம்பி என்று செலவு. அதற்குப் பதில் செங்கல்லை விட்டு விட்டு அடுக்கி, காற்றும் வெளிச்சமும் வரும்படி ஜாலி கட்டினார். கட்டின சுவருக்குப் பூச்சு எதற்கு என்று கேட்டு, பூச்சையும் விட்டார். ஒவ்வொரு காரியத்திலும் அவர் கேட்டது ஒரே கேள்வி: இது அவசியமா? தோழர்களே, இதே கேள்வியைத்தான் நாம் கலியாணத்திலும் கருமாதியிலும் கேட்கிறோம்.

ஏழைக்கு மாத்திரம் மட்டமான வீடா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பணக்காரனுக்கு ஒரு விதம், ஏழைக்கு ஒரு விதம் என்றால் அது புது வருணாசிரமம். ஆனால் திருவனந்தபுரத்தில் பொருளாதார நிபுணர்கள் வேலை செய்யும் வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தையும் அவர் 1970-களில் இதே செங்கல், இதே ஜாலி, இதே பூச்சில்லாத சுவரில்தான் கட்டினார். தாம் குடியிருந்த வீட்டையும் அப்படியே கட்டிக்கொண்டார். அதே பட்டணத்தின் நடுவே, செங்கல்சூளை என்று பெயர் வழங்கிய சேரி ஜனங்களுக்கும் அவர் வீடு அமைத்துக் கொடுத்தார். கல் சுட்ட இடம் என்று பெயர் வாங்கிய ஊரில், ஏழைக்கும் ஒரு கல் கட்டடம்! முதல் மந்திரியாயிருந்த அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் முதலியவர்களோடு சேர்ந்து 1985-ல் காஸ்ட்ஃபோர்ட் என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்து, இந்த வேலையைப் பலருக்குக் கற்றுக் கொடுத்தார். 2007-ல் தமது 90-வது வயதில் இறந்தார். நம் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவின் கட்டட அமைப்புக்கும் அவர் கை உண்டு.

அவரிடம் வேலை பழகினவர்களில் பென்னி குரியகோஸ் ஒருவர். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை நம் கரையை அடித்ததே, அதற்குப் பின் தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் மீனவர்களுக்கு வீடு கட்டும்போது, குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்டுக் கேட்டு வீட்டை வகுத்தார். வலை எங்கே வைப்பது, திண்ணை எந்தப் பக்கம், சமையல் எங்கே என்று கேட்டால் மீனவப் பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியாதா? அக்னி மூலையைக் காட்டிலும் அடுப்பு ஊதுகிறவள் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

இனி நம் சங்கதிக்கு வருவோம். 1970-ல் இந்த ராஜ்யத்தில் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. 1971-ல் சட்டமும் வந்தது. 2021-ல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று. குடிசைக்காரனும் மாடி வீட்டில் வாழ வேண்டும் என்று சட்டம் செய்தது பெரிய காரியம். அதை நாம் மறக்கக் கூடாது. முதல் வருஷங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி எழுப்பினார்கள். பிற்பாடு, சுமார் 2000 முதல், சென்னை ஜனங்களைக் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். எல்லாம் பழைய செங்கற்பட்டு ஜில்லா மண். பெரும்பாக்கத்தில் மாத்திரம் 8 மாடி அடுக்குகளில் சுமார் 20,000 வீடுகள். பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் 20, 25 கிலோ மீட்டர். பக்கத்தில் சதுப்பு நிலம். 2015 வெள்ளத்தில் தண்ணீர் சூழ்ந்தது.

கூரை காங்கிரீட்தான், ஒழுகாது என்றே வைத்துக்கொள்வோம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த அம்மாள், 25 கிலோ மீட்டர் பஸ் ஏறிப் போய்த் தேய்த்து என்ன மிச்சம் பிடிப்பாள்? பையன் படித்த பள்ளிக்கூடம் எங்கே, இவன் எங்கே? வீடு என்பது நாலு சுவர் மாத்திரமல்ல. வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தால்தான் அது வீடு. அன்று சாஸ்திரத்தின் பேரால் சுடுகாட்டுக்கு அப்பால் தள்ளினார்கள். இன்று அபிவிருத்தியின் பேரால் சதுப்புக்குப் பக்கத்தில் தள்ளினால், தள்ளப்பட்டவனுக்கு வித்தியாசம் என்ன?

இன்னும் ஒன்று. நம் ஜில்லாவைச் சுற்றியுள்ள சூளைகளில் செங்கல் அறுக்கிறவர்களில் இருளர் குடும்பங்கள் பல. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்கப்புறமும் முன்பணம் வாங்கிய கடனுக்காகச் சூளையில் அடைபட்டுக் கிடந்தவர்களை அதிகாரிகள் போய் மீட்ட செய்தி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆயிரம் வீட்டுக்குக் கல் அறுத்தவன் கூரைக்கு ஒரு பிளாஸ்டிக் பாய்! கல் மிச்சப்படுத்துவது எப்படி என்று கற்பது போலவே, கல் செய்தவனுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்கவும் கற்க வேண்டும்.

ஆகவே கட்டடப் படிப்புப் படிக்கும் வாலிபத் தோழர்களுக்கு மூன்று காரியம் சொல்லுகிறேன். குடியிருக்கப் போகிறவனைக் கேட்காமல் கோடு போடாதீர்கள். பிழைப்புக்குத் தூரமான இடத்தில் கட்டச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். மனையடி சாஸ்திரத்தை விட்டுவிட்டு, காற்று வரும் திசையையும் மழைத் தண்ணீர் ஓடும் திசையையும் பாருங்கள். மற்ற தோழர்களுக்கு ஒன்றே ஒன்று. வீடு கொடுக்கிறோம் என்று யார் வந்தாலும், எத்தனை சதுர அடி என்று கேட்பதோடு நில்லாமல், எந்த இடத்தில் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. 1929-ல் இந்த ஊரில் கேட்கத் தொடங்கின கேள்விகளில் இதுவும் ஒன்று என்று எண்ணி, விடாமல் கேட்க வேண்டுமாய்க் கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.