நீச்சல் குளத்துக் கூரையில் மரச்சுருள்

வீட்டைக் காலி செய்த அன்று, வெற்று அறையில் யாராவது கூப்பிட்டால் குரல் கணீரென்று எதிரொலிக்கும். மெத்தையும் துணிமணியும் இருந்தவரை அந்த எதிரொலி இல்லை. அவைதான் ஓசையை விழுங்கிக்கொண்டிருந்தன.

விழுங்குவது எது? துளைகள். ஓசை காற்றின் அசைவு. சின்னத் துளைக்குள் புகுந்து, உரசி, அடங்கிவிடும்.

மூடிய நீச்சல் குளக் கூடத்தில்தான் சிக்கல். ஓடு பதித்த சுவரும் தண்ணீரும் ஓசையைத் திருப்பி அடிக்கும். பஞ்சுப் பலகை மாட்டினால்? ஈரம் ஏறும். துளையில் தண்ணீர் நின்றால் ஓசைக்கு ஏது இடம்? கொஞ்ச நாளில் பூசணமும் பூக்கும்.

1908-இல் ஆஸ்திரியாவில் பிறந்த ஒரு பலகை இங்கே கைகொடுக்கிறது. தச்சர் இழைப்புளி தள்ளும்போது சுருண்டு விழுமே, அதைப்போல மெல்லிய, நீளமான மரச்சுருள். அன்று அதை மேக்னசைட் என்ற கனிமத்தில் கலந்து அழுத்தினார்கள். பிறகு சிமென்ட் வந்தது. கிட்டத்தில் பார்த்தால் குருவிக்கூடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு இழைக்கும் சிமென்ட் சட்டை. சிமென்ட்டின் காரத்தன்மையால் பூசணம் எளிதில் பிடிக்காது. துளைகளோ திறந்தே இருக்கும்.

ஆனால் பெயின்டைக் கெட்டியாகப் பூசிவிட்டால் போச்சு. துளை அடைபட்டால் பலகையும் சுவரும் ஒன்றுதான். மெல்லிசாகத் தெளித்தால் போதும்.