அட்டையின் பின்பக்கம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில்நுட்பம் பற்றி ஏதாவது பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். நான் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜவ்வாது மலைக்காரன். ஜமுனாமரத்தூர் பக்கம் எங்கள் நிலம். மேட்டிலும் பள்ளத்திலும் சாமை விதைத்து அறுத்தே அப்பாவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. எனக்கு ஓசூரில் வேலை. மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது வலி மாத்திரை வாங்கிப் போவேன். மகன் கடமை முடிந்தது என்று ஒரு திருப்தி!

போன வருஷம் அப்பாவுக்குத் தலைசுற்றல். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. வேலூருக்குக் கூட்டிப் போனோம். வயிற்றில் புண், ரத்தக் கசிவு.

"என்னென்ன மாத்திரை போடுறாரு?" என்று டாக்டர் கேட்டார். நான் வாங்கித் தந்த அட்டையைக் காட்டினேன். அப்பா மடியிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தார். "வலி தாங்கலைப்பா, கடையில கேட்டேன், குடுத்தாங்க."

பெயர் வேறு, நிறம் வேறு. பின்பக்கம் திருப்பினால் இரண்டிலும் டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம். அதில் இரண்டு, இதில் இரண்டு, ஆக நாளைக்கு 200. பெரியவர்களுக்கு 150-ஐத் தாண்டக் கூடாது என்றார் டாக்டர். பொறியியல் படித்த மகன் ஒருநாளும் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. எங்கள் மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் நட்சத்திரங்களைப் பார்க்கிறது. கைக்கெட்டிய பொடி எழுத்தைத்தான் நான் பார்க்கவில்லை!

இந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது? மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கிறது. 1971-ல் இதைக் கண்டறிந்த ஜான் வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், அதே பொருள்தான் வயிற்றின் உள்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. மூட்டுக்கு மட்டும் போ என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது. சாப்பிட்டபின் போட்டால் எரிச்சல் குறையலாம். புண் வராது என்ற உத்தரவாதம் இல்லை. மருந்து ரத்தத்தின் வழியாகவும் போவதால், ஊசியாகப் போட்டாலும் வயிறு தப்பாது. இதயத்துக்கும் ஆபத்து உண்டு. இதே வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்ஸிப், மாரடைப்பு அபாயத்தால் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது.

டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். குறைந்த அளவு, குறைந்த நாள். ரத்தக்கொதிப்பு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, பழைய வயிற்றுப்புண் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ, கர்ப்பமாக இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கறுப்பு மலம், ரத்த வாந்தி, கால் வீக்கம், சிறுநீர் குறைதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடையில் பிரித்துப் பொட்டலம் கட்டித் தரும் 'செட்' மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் திருப்பிப் பார்க்கப் பின்பக்கமே கிடையாது.

நான் பராமரிப்புப் பொறியாளன். பேரிங் தேய்ந்த மோட்டாரில் சத்தத்தை மட்டும் அடக்கினால் பேரிங் சரியாகிவிடாது. முழங்காலும் அப்படித்தான். அப்பா இப்போது தினமும் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்கிறார். வலி கூடினால் டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு. கையில் ஒரு தடி. வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் வரப்பில் நடக்கிறார்.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பாயில் பரப்புங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பி, மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அதை டாக்டரிடம் காட்டுங்கள். அரை மணி நேர வேலைதான். நான் செய்யத் தவறியது அது.