மழையில் நிற்கும் ஓவியம்



ஒரு கலைப்படைப்பு முற்றுப்பெறும் நாள் எது? நூலாயின் அச்சேறும் நாள் என்பர். சிலையாயின் கண் திறக்கும் நாள் என்பர். கூரையின்கீழ் வாழும் கலைக்கு இவ்விடை ஒருவாறு பொருந்தலாம். வெயிலும் மழையும் படும் பொதுவிடத்தில், ஊரார் அனைவர்க்கும் உரியதாய் நிற்கும் கலைக்கும் இது பொருந்துமா? இவ்வினாவை எழுப்பி, விடையும் பகரும் ஓவியம் ஒன்று செக் நாட்டின் தலைநகராகிய பிராகில் உள்ளது.

பிராக் கோட்டைக்குள் அமைந்த புனித வீட்டஸ் பேராலயத்தின் தென்புறத்தே 'பொன்வாயில்' என்னும் நுழைவாயில் இருக்கிறது. அதன் மேற்சுவரில், வெட்டவெளியை நோக்கி, இறுதித் தீர்ப்புக் காட்சியைக் கண்ணாடிச் சில்லுகளால் அமைக்கச் செய்தார் நான்காம் சார்லஸ் பேரரசர். பணி நிகழ்ந்த ஆண்டுகள் 1370, 1371. பரப்பு ஏறத்தாழ 84 சதுர மீட்டர். பதிக்கப்பட்ட சில்லுகள் சுமார் பத்து இலட்சம். நடுவே ஒளிவட்டத்தினுள் கிறிஸ்து. அவர்க்குக் கீழே நாட்டின் காவற்புனிதர் அறுவர். அவர்க்கும் கீழே மண்டியிட்ட பேரரசரும் அரசி எலிசபெத்தும். ஒருபுறம் கல்லறை விட்டெழுவோர். மறுபுறம் நரகம் புகுவோர். எழுத்தறியா எளியவனும் முற்றத்தில் நின்று அண்ணாந்து படிக்கத்தக்க ஏடு அது.

இத்தகைய ஓவியத்தை ஆக்கும் முறை பொறுமையின் இலக்கணம் எனலாம். கண்ணாடியை உலையில் உருக்குவர். செம்பு, கோபால்ட், மாங்கனீசு முதலியவற்றின் சேர்மங்களைக் கலந்து நிறமேற்றுவர். தகடாக வார்த்து ஆறவைத்துச் சிறு சில்லுகளாக வெட்டுவர். பொன்னிறம் வேண்டுமிடத்துக் கண்ணாடியின்மேல் பொன்தாளை ஒட்டி, அதன்மேல் மெல்லிய கண்ணாடிப் படலம் போர்த்துவர். சுவரிற் பூசிய சாந்து உலருமுன், சில்லுகளை ஒவ்வொன்றாக அதில் அழுத்திப் பதிப்பர். சாந்து இறுகிவிட்டால் திருத்தம் எளிதன்று. ஆதலின் ஒரு நாளில் முடிக்கத்தக்க அளவுக்கே சாந்து பூசுவர். அருகில் நின்றால் சில்லும் இடைவெளியுமே தெரியும். விலகி நின்றால் முகம் தெரியும், முகத்தில் துயரமும் தெரியும். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுக் கவிதை கட்டுவோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

ஓவியம் நிறைவெய்திய காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் பெனேஷ் என்பவர் அதனை வியந்து குறித்துள்ளார். மழை கழுவுந்தோறும் அவ்வோவியம் மேலும் தூய்மையுறும், மேலும் ஒளிபெறும் என்பது அவர் துணிபு. கண்ணாடியை நீர் என்ன செய்துவிடும் என்று எவரும் அன்று எண்ணியிருப்பர். அன்பு மிக்கவரின் பாராட்டு அது. ஆயினும், உண்மை அதற்கு நேர்மாறாக அமைந்தது.

பிழை கலைஞரின் கையில் இல்லை. கண்ணாடியின் பிறப்பிலேயே இருந்தது. வெனிஸ் நகரக் கண்ணாடி சோடியம் மிகுந்தது. கடலோரச் செடிகளின் சாம்பலினின்று அது கிடைத்தது. கடலற்ற பொகீமியா நாட்டிலோ காட்டு மரங்களின் சாம்பலே உலைக்கு வந்தது. அதனால் அக்கண்ணாடியில் பொட்டாசியம் மிகுந்தது. ஈரம் பட்டால் பொட்டாசியமும் கால்சியமும் மெல்ல வெளியேறும். நிலக்கரிப் புகையின் கந்தகம் சேர்ந்த காற்றோடு அவை கூடி உப்புகளாக உறையும். மழை வந்தது, பொன்வாயிலின்மேல் சாம்பல் நிறத் திரையொன்று படர்ந்தது. கிறிஸ்துவின் முகம் மறைந்தது, பேரரசர் மறைந்தார்.

திரும்பத் திரும்பத் துலக்கினர். 1890ஆம் ஆண்டில் சுவரினின்று பெயர்த்தெடுத்து, 1910ஆம் ஆண்டில் மீண்டும் பதித்தனர். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மறுபடியும் துலக்கிப் பூச்சும் இட்டனர். துலக்கிய சில ஆண்டுகளிலேயே திரை மீண்டது. அத்திரை வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்காக மட்டும் இருந்திருப்பின் துடைத்தல் போதியிருக்கும். அதுவோ கண்ணாடியே உருமாறிய பொருள். எனவே, காரணம் அறியாமல் துலக்கிய ஒவ்வொரு முறையும் திரை விலகியதே அன்றி, அழிவு நிற்கவில்லை.

1992ஆம் ஆண்டில் செக் நாட்டு வல்லுநரும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனத்தாரும் கைகோத்தனர். உடனே தூரிகையை எடுக்கவில்லை அவர்கள். முதலில் நோயை ஆராய்ந்தனர். கண்ணாடியின் கூறுகளை அளந்தனர். காற்றையும் ஈரத்தையும் அளந்தனர். பல பூச்சுகளைச் சோதித்துப் பலவற்றைக் கழித்தனர். லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிவியலாரின் துணையோடு, கண்ணாடியை நீரினின்று காக்கும் பல்லடுக்குப் பூச்சொன்று உருவாயிற்று. நூற்றாண்டு முடியும் தறுவாயில் திரை நீங்கிப் பொன்வெளி மீண்டும் ஒளிர்ந்தது. ஆயினும், "இனிக் கவலையில்லை" என்று அவர்கள் கூறவில்லை. மேற்பூச்சு தேயும், அதனைக் கண்காணித்துக் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும் என்பதையும் திட்டத்திலேயே சேர்த்தனர். இந்த அடக்கமே அப்பணியின் சிறப்பு.

தமிழறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. ஓலைச்சுவடிக்கும் ஆயுள் உண்டு. செல்லும் ஈரமும் அதனை அரிக்கும். பழஞ்சுவடி நைந்தபோதெல்லாம் எவரோ ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் படியெடுத்தார். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் இன்று தெரியாது. பாடியவர் ஒருமுறை பாடினார். படியெடுத்தவர் தலைமுறைதோறும் தேவைப்பட்டார். படியெடுக்க எவரும் அமராத நூல்கள் பெயரளவில் எஞ்சின. சில பெயரும் இழந்தன.

ஆதலின் பொதுவிடத்தில் நிற்கும் கலைக்கு ஆக்குநர் ஒருவர் போதார். வியப்போர் வேண்டும், ஆராய்வோர் வேண்டும், திரும்பி வந்து பார்ப்போர் வேண்டும். இம்மூவரில் வியப்போர்க்கு எங்கும் குறைவில்லை.

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டம் இவ்விடத்தில் தன்னையே வினவிக்கொள்ளலாம். கவியரங்கில் எழும் கைதட்டல் மழை போன்றது, நனைவது இனிது. ஆனால், நனையுந்தோறும் கவிதை ஒளிபெறும் என்று நம்பியிருத்தல் பெனேஷின் பிழையாகும். ஒரு சொல் எந்த உலையில், எந்தச் சாம்பலில் உருகியது, பத்தாண்டு வெயிலையும் மழையையும் அது தாங்குமா என்று அன்போடு கேட்கும் நண்பர் ஒருவரேனும் ஒவ்வொரு கவிஞர்க்கும் வேண்டும். அத்தகைய நண்பரைத் தருவது வட்டத்தின் கடமை. அவர் சொல்லைப் பொறுத்தல் கவிஞர் கடமை.

பொன்வாயிலின்மேல் இன்றும் மழை பெய்கிறது. நின்ற மழைக்குப்பின் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு சில்லாக உற்றுநோக்கும் கண்கள் இருக்கும்வரை அவ்வோவியம் நிற்கும். வட்டமும் அவ்வாறே நிற்க.