யவன மொழியும் நம் மாணாக்கரும்
(ஒசூரில் கூடிய நம் சங்கக் கல்விநிதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்விநிதியின் பயனைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியராகிய யாம் குறளையோ நன்னூலையோ எடுத்துக்கொள்வோம் என நீவிர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் பேசப் புகுவதோ, கிரேக்கமும் இலத்தீனும் கற்றலைப் பற்றி. இவ்வாண்டு நிதி வேண்டி வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, கல்லூரியிற் பண்டைய வரலாறு பயின்று, அதன்மேல் இவ்விரு மொழிகளையும் கற்க விழையும் நம் குலத்து மாணாக்கி ஒருத்தியுடையது. "இப்படிப்புச் சோறு போடுமா?" என்று சிலர் வினவினர். தக்க வினாவே, அதற்கு விடை கூறுதல் எம் கடன்.

இம்மொழிகள் நமக்கு முற்றும் அயலானவை அல்ல. யவனர் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு மீண்டதனை அகநானூறு கூறும். அச்செய்தியின் மறுபாதி அவர்தம் ஏடுகளில் உளது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உரோமரிடமிருந்து ஈர்த்துக்கொள்கின்றது என்று முதல் நூற்றாண்டினராகிய பிளினி இலத்தீனில் எழுதிவைத்தார். முசிறி வாணிபத்திற்கான கடன் ஒப்பந்தமும், ஒரு கப்பற் சரக்கின் மதிப்பும் கிரேக்கத்தில் வரையப்பெற்ற இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள் ஒன்று வியன்னா நகரில் உளது. அது 1985-இல் வெளியிடப்பெற்றது. பாட்டு நம்மிடம், கணக்கு அவர்களிடம். இரண்டனையும் மூலத்திலேயே படிக்க வல்லார் மிகச் சிலர்.

நம் தகடூர் நாட்டுக்கும் இதில் இடம் உண்டு. அசோகனது இரண்டாம் பாறைக் கட்டளை, சோழ பாண்டியரோடு சத்தியபுத்திரரையும், யவன வேந்தன் அந்தியோகனையும் ஒருங்கே வைத்துக் கூறுகின்றது. அச்சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்பது, திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981-இல் கண்டறியப்பெற்ற கல்வெட்டால் தெளிவாயிற்று.

இன்னும் அண்மையதோர் சான்று கேண்மின். எகிப்து நாட்டின் பழைய குப்பைமேடுகளிற் கிடைத்த கிரேக்க நாடகத் துண்டு ஒன்று 1903-இல் அச்சாயிற்று. காரிதியோன் என்னும் யவன நங்கை இந்தியக் கடற்கரையிற் சிறைப்பட்டுத் தன் தமையனால் மீட்கப்படுதல் அதன் கதை. அந்நாட்டு அரசனும் மக்களும் பேசும் சொற்கள் கிரேக்கம் அல்ல. அவற்றுட் சிலவற்றைக் கன்னடம் என்றார் கல்வெட்டறிஞர் ஹூல்ஸ். மைசூர்ச் சாம சாஸ்திரியாரும் அவர் பக்கம் நின்றார். பிறர், பொருளற்ற வெற்றொலி என்று மறுத்தனர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

எண்ணிப் பாருங்கள். கிரேக்கம் வல்ல மேனாட்டாருட் பெரும்பாலார்க்குக் கன்னடம் தெரியாது. வீட்டில் ஒன்றும் தெருவில் ஒன்றும் சந்தையில் ஒன்றுமாகத் தமிழ், கன்னடம், தெலுங்கு என்னும் மூன்றனையும் கேட்டு வளரும் நம் ஒசூர்ப் பிள்ளைகட்குக் கிரேக்கம் தெரியாது. இவ்வழக்கை ஆராய்தற்கு இவ்வெல்லைப்புறத்துப் பிள்ளையினும் தக்கார் யார்?

கற்றலின் மற்றொரு பயன், பொய்யை விலக்குதல். ஒலி ஒத்திருத்தல் கண்டு உறவு கற்பிப்பார் நம்மிடையே பலர். நம் ஊரிற் கைக்கடிகாரம் செய்யும் டைட்டன் ஆலையை யாவரும் அறிவீர். கிரேக்கத்தில் அப்பெயர் சேயுசு என்னும் கடவுட்கு முற்பட்ட பெருந்தெய்வங்களைக் குறிக்கும். இங்கோ, அதனைக் கூடித் தொடங்கிய டாட்டா நிறுவனம், தமிழ்நாடு என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களாலும் அஃது அமைந்தது என்பர். ஓரொலி, வரலாறு இரண்டு. மூலமொழி அறியாதான் இவற்றைப் பிரித்துணர மாட்டான்.

இவ்வழி சென்று தமிழுக்கு ஆக்கந் தேடினார் முன்னரே உளர். இத்தாலியராகிய வீரமாமுனிவர் தமிழிலக்கணத்தை இலத்தீனில் எழுதி மேனாட்டார்க்கு அறிவித்தார். யாழ்ப்பாணத்துத் தனிநாயக அடிகள் (1913–1980) உரோமையிற் கற்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். 1679-இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு உலகிற்கு அறிவித்தவர் அவரே.

இனி, சோறு போடுமா என்னும் வினா. உடனே போடாது என்பதே உண்மை. இம்மொழிகளைப் பயிற்றும் கல்லூரிகள் நம் நாட்டில் அரியன, வேலையும் அரிது. ஆயினும் மூலநூல்களைச் சொற்பொருளோடு இலவசமாக அளிக்கும் பெர்சியஸ் என்னும் இணைய நூலகத்தை அமெரிக்காவின் டப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் நடத்துகின்றனர். தொடக்கப் பயிற்சிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மேற்படிப்பிற்கே துணை வேண்டும்.

ஆதலின் யாம் வேண்டுவது இதுவே. பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் தொழிற்பயிற்சிக்கும் அளிக்கும் உதவியிற் சிறிதும் குறைத்தல் வேண்டா. ஏர் பிடித்த கைகள் இயந்திரம் பிடித்தமையாலன்றோ இந்நிதியே உண்டாயிற்று! அதனோடு பழமொழிக் கல்விக்கென ஒரேயொரு உதவித்தொகையைத் தனியே ஒதுக்குக. அம்மாணாக்கியின் விண்ணப்பத்தை இக்கூட்டம் கலையுமுன் ஏற்றருளுக. நம் முன்னோரைப் பற்றிப் பிறர் எழுதிவைத்ததனை நம் மகள் ஒருத்தி படித்து நமக்கு உரைக்கும் நாள் வருக.