ஒரு லிட்டர் தண்ணிக்கு எவ்வளவு உப்பு?

குழந்தைகளோட நீண்ட தூரம் கார்ல போறதைப் பத்திப் போன எபிசோட்ல பேசினோம் இல்லையா, அதுக்கு வந்த வாய்ஸ் நோட்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். போன இடத்துல பிள்ளைக்கு வாந்தி பேதி வந்தா என்ன பண்றது? இன்னைக்கு அதை மட்டும்தான் பேசப்போறேன். நான் டாக்டர் இல்ல, ரெண்டு பிள்ளைங்களோட அம்மா. இதுல வர்ற அளவுகள் எல்லாம் உலக சுகாதார நிறுவனம், நம்ம அரசு சுகாதாரத்துறை சொல்ற அளவுகள்.

என் வீட்டுக்காரருக்கு ஊர் அனுமந்தை. ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறவங்களுக்கு டோல்கேட் இருக்குற ஊர்னு சொன்னா தெரியும். மரக்காணத்துக்கும் பாண்டிக்கும் நடுவுல. மரக்காணம் பக்கம் வரும்போது ரோட்டோரமா பாத்தி பாத்தியா தண்ணி தேங்கியிருக்கும், வெள்ளை வெள்ளையா உப்பு குவிச்சு வெச்சிருப்பாங்க. எங்க பெரியவளுக்கு அஞ்சு வயசு. ஒவ்வொரு தடவையும் "அம்மா, பனி!"ன்னு கத்துவா. கழுவெளிப் பக்கம் பறவை பார்க்க நிறுத்துவோம். 2021ல சரணாலயமா அறிவிச்ச ஏரி அது, 2024ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு. நல்ல ட்ரிப், கண்டிப்பா போங்க.

உப்பளத்துல நடக்குறது என்னன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம். பேதிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு. கடல் தண்ணியில ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பாத்தியில விட்டு வெயில்ல சுண்ட விடுவாங்க. பத்துல ஒரு பங்கா சுண்டினப்புறம்தான் நாம சாப்பிடுற உப்பு கல்லு கட்ட ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடியே வாரிட முடியாது. ரொம்ப சுண்டிப் போனா கசப்பு உப்பும் சேர்ந்துடும். மொத்தத்துல தண்ணியில உப்பு எவ்வளவுன்னு கணக்கு பார்க்குறதுதான் அந்தத் தொழில்.

பேதி ஆகுற குழந்தைக்கும் அதே கணக்குதான் வேணும், ஆனா வேற எண். இப்போ கடையில கிடைக்குற ஓஆர்எஸ் பாக்கெட், 2002ல உலக சுகாதார நிறுவனம் மாத்தி அமைச்ச கலவை. ஒரு லிட்டருக்குச் சாதா உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் இருபதரை கிராம். சாதா உப்பை மட்டும் எடுத்துக்கிட்டா, கடல் தண்ணியில இருக்குற உப்புல பத்துல ஒரு பங்குகூட இல்ல. கண்ணீர் இதைவிடக் கரிக்கும்.

இவ்வளவு கம்மியா இருக்கே, வெறும் தண்ணியே கொடுத்தா என்னன்னு தோணும். பேதியில தண்ணியோட உப்பும் சேர்ந்துதான் வெளியே போகுது. வெறும் தண்ணியைக் குடிக்கக் குடிக்க ரத்தத்துல இருக்குற உப்பு இன்னும் நீர்த்துப் போகும். அதோட, குடல் அந்தத் தண்ணியைச் சரியா உறிஞ்சாது. குடலோட உள்சுவர்ல ஒரு மாதிரி கதவுகள் இருக்கு. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தாத்தான் திறக்கும். அதுங்க உள்ள போகும்போது பின்னாடியே தண்ணியும் போகும். 1960ல ராபர்ட் கிரேன்னு ஒரு விஞ்ஞானி இந்த ஜோடிக் கணக்கை விளக்கினார். பேதி நேரத்துல குடல்ல மத்ததெல்லாம் கலைஞ்சு கிடந்தாலும் இந்தக் கதவு பெரும்பாலும் வேலை செய்யும். ஓஆர்எஸ்ஸோட மொத்த சூட்சுமமும் அதுதான்.

ஆனா சர்க்கரை அதிகமானா கதை தலைகீழ். ஜூஸ், கோலா, குளுக்கோஸ் பவுடர்னு இனிப்பா ஊத்தினா, குடல்ல சேர்ற சர்க்கரை உடம்புலேர்ந்து தண்ணியை வெளியே இழுக்கும், பேதி கூடும். "தெம்பா இருக்கட்டும்"னு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கூடப் போடுற பாசக்கார மாமா எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருப்பார். அவரைக் கொஞ்சம் கிச்சனுக்கு வெளியே உட்கார வைங்க.

இது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த பாக்கெட் மேல ஒரு மரியாதை வரும். 1971, வங்கதேசப் போர். அகதிகள் லட்சக்கணக்குல மேற்கு வங்காளத்துக்குள்ள வர்றாங்க. பங்காவ்ங்கிற எல்லையூர்ல முகாம், அங்க காலரா. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் போய்ப் பார்க்குறப்போ, தரையெல்லாம் நோயாளிங்க. நரம்புல ஏத்துற சலைன் தீர்ந்துக்கிட்டே வருது. அவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூணையும் அளந்து பாக்கெட் போட்டு, தண்ணியில கலந்து டிரம்கள்ல ஊத்தி வெச்சாரு. ஊட்டினது யாரு தெரியுமா? நோயாளியோட அம்மா, அக்கா, மாமியார். நர்ஸ் போதாது, அதனால குடும்பத்துக்காரங்க கையிலயே கோப்பையைக் கொடுத்துட்டாரு. முப்பது சதவீதம் பக்கம் இருந்த சாவு, நாலு சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு. அப்போ நிறைய டாக்டர்கள் நம்பல. காலராவைக் கோப்பையை வெச்சு வீட்டாளுங்க சமாளிப்பாங்களான்னு கேட்டாங்க. 2022ல அவர் இறந்து, 2023லதான் பத்ம விபூஷண் கொடுத்தாங்க.

அப்புறம் வங்கதேசத்துல பிராக்ங்கிற அமைப்பு 1980கள்ல வீடு வீடா போச்சு. ஒரு கோடிக்கும் மேல வீடுங்க. மூணு விரல்ல ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், இவ்வளவு தண்ணின்னு அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்குப் பிடிச்ச விஷயம், சொல்லிக்கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் எத்தனை வீடு ஏறி இறங்கினாங்கன்னு பார்த்து இல்ல. பின்னாடி வேறொருத்தர் போய், அந்த அம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு கேட்டு அதுக்கு ஏத்த மாதிரி கொடுத்தாங்க. நம்ம ஊர் ஆன்லைன் கிளாஸ்களுக்கு இந்த ரூல் வந்தா எப்படி இருக்கும்!

சரி, நம்ம வீட்டுக்கு வர்றேன். சின்னவனுக்கு அப்போ பதினோரு மாசம். அனுமந்தையில ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு முதல் வாந்தி. பன்னெண்டுக்குள்ள நாலு தடவை வயித்தால போயிடுச்சு. அத்தை அவன் தலையில உள்ளங்கையை வெச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "ஏம்மா, உச்சி பள்ளமா இருக்கு பாரு. இது தொக்கம்தான். காலையில கூட்டிட்டுப் போய் எடுத்துட்டு வந்துடலாம்."

தொக்கம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சாப்பிட்டது தொண்டையில, வயித்துல சிக்கிக்கிச்சு, அதை ஊதியோ தடவியோ எடுக்கணும்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. நகரத்து ஆளுங்க உடனே சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரல. காரணம், அத்தை கண்டுபிடிச்ச அடையாளம் நூத்துக்கு நூறு சரி. உச்சிக்குழி உள்வாங்குறது உடம்புல தண்ணி குறையுதுங்கிறதுக்கு டாக்டர்களும் பார்க்குற அடையாளம்தான். ஒன்றரை வயசு வாக்குல உச்சி மூடிடும், அதுக்கப்புறம் இது தெரியாது. அத்தைக்கு அடையாளம் தெரியுது, அதுக்குக் காரணம் மட்டும் வேற சொல்றாங்க. நான் தப்புன்னு சொல்லியிருந்தா அந்த நடுராத்திரி ஒரு சண்டை ஆயிருக்கும். "அத்தை, நீங்க சொல்றது சரி, உச்சி பள்ளமாத்தான் இருக்கு. தண்ணி வத்துது. காலை வரைக்கும் காத்திருக்க வேணாம், இப்பவே ஊத்த ஆரம்பிக்கலாம், நீங்க கொடுங்க"ன்னு சொன்னேன். டாக்டருக்கு போன் போட்டோம். பிள்ளை முழிச்சிருக்கான், குடிக்கிறான், ரத்தம் இல்லைங்கிறதால ஆரம்பிங்க, குடிக்கலைன்னா உடனே கிளம்புங்கன்னார்.

அத்தை பரண்லேர்ந்து பழைய பாலாடையை எடுத்துட்டு வந்தாங்க. என் வீட்டுக்காரருக்கு ஊட்டினதாம். கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தோம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வாய். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் நிறுத்திட்டு மறுபடி, இன்னும் மெதுவா. நடுநடுவுல தாய்ப்பால். ரெண்டு வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை வயித்தால போனதும் 50லேர்ந்து 100 மில்லி, ரெண்டு வயசுக்கு மேலன்னா 100லேர்ந்து 200 மில்லி. நான் போன்ல நேரம் குறிச்சேன், அத்தை ஊட்டினாங்க, என் வீட்டுக்காரர் துணி அலசினார்.

ரெண்டு மணிக்கு மறுபடி வயித்தால போச்சு. "என்னம்மா, இது கேட்கலையே"ன்னாங்க. இந்த இடத்துலதான் நிறைய பேர் விட்டுடுறாங்க. ஓஆர்எஸ் பேதியை நிறுத்தாது. அது போன தண்ணியைத் திரும்பக் கொண்டுவரும், அவ்வளவுதான். பேதி தானா நிக்க சில நாள் ஆகும். எத்தனை தடவை போச்சுன்னு எண்ணிப் பார்த்தா பயம்தான் வரும். பிள்ளை முழிச்சிருக்கா, குடிக்குதா, ஒண்ணுக்குப் போகுதான்னு பாருங்க. விடியக்காலம் அஞ்சே கால் மணிக்கு அத்தை மடியில ஒண்ணுக்குப் போனான். அந்தச் சேலையோடவே எழுந்து வந்து என்கிட்ட காட்டினாங்க.

காலையில டாக்டர்கிட்டயும் போனோம். துத்தநாகம், அதாவது ஜிங்க் கொடுத்தார். ஆறு மாசத்துக்கு மேலன்னா தினம் 20 மில்லிகிராம், ரெண்டு மாசத்துலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் 10, மொத்தம் பதினாலு நாள். பேதி மூணாவது நாளே நின்னாலும் பதினாலு நாள் கொடுக்கணும், அடுத்த சில மாசத்துக்கு மறுபடி வர்றதைக் குறைக்கும். ஓஆர்எஸ், ஜிங்க் ரெண்டுமே ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்.

காத்திருக்கக் கூடாத நேரத்தையும் சொல்லிடுறேன். பிள்ளை துவண்டு கிடந்தா, எழுப்பினா எழலைன்னா, எதையும் குடிக்க மாட்டேன்னா, குடிச்சதெல்லாம் வாந்தியாவே வந்தா, மலத்துல ரத்தம் இருந்தா, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னா, அழுதா கண்ணீர் வரலைன்னா, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவா இறங்கினா, உடனே ஆஸ்பத்திரி. வண்டி இல்லைன்னா 108. மூணு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைன்னா இதெல்லாம் பார்த்துட்டு இருக்காம நேரா டாக்டர். பேதியை நிறுத்துற மாத்திரையைப் பெரியவங்க டப்பாவுலேர்ந்து எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க.

இப்போ கடை விஷயம். ஃபிரிட்ஜ்ல ஜில்லுனு அட்டைப் பெட்டி பானம், மேல ஓஆர்எஸ்னு எழுதியிருக்கும், உள்ள சர்க்கரை பல மடங்கு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருஷம் போராடினாங்க. 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம், பானங்களோட பேர்ல ஓஆர்எஸ்னு போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. இருந்தாலும் பாக்கெட்டைத் திருப்பி, உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலான்னு எழுதியிருக்கான்னு பாருங்க. அப்புறம் அளவு. சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு, பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கலக்கினா உப்பு அஞ்சு மடங்கு, அது ஆபத்து. அரைப் பாக்கெட் கணக்கும் வேணாம், முழுசா கலக்கி, இருபத்திநாலு மணி நேரத்துல மீதியைக் கொட்டிடுங்க.

பாக்கெட்டே கிடைக்காத இடத்துல? ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணி, தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டின அரை டீஸ்பூன் தூள் உப்பு. தூள் உப்புங்கிறதை அழுத்திச் சொல்றேன். மரக்காணம் பக்கம் வீட்டுல இருக்குறது கல்லுப்பு. ஸ்பூன்ல அள்ளினா கல்லு பெருசா சின்னதாங்கிறதைப் பொறுத்து எடை மாறிடும். பொடிச்சுட்டு அளங்க. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, உப்புப் போட்ட மோர் ரெண்டும் நல்லது. இளநீர் கொடுக்கலாம், ஆனா அதுல சோடியம் ரொம்பக் கம்மி, அதை மட்டுமே நம்ப முடியாது.

பிள்ளைக்கு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டாச்சான்னு தடுப்பூசி அட்டையில பாருங்க. 2016லேர்ந்து அரசுத் திட்டத்துல இருக்கு, 6, 10, 14 வாரத்துல கொடுப்பாங்க. வயசு தாண்டிட்டா பிறகு போட முடியாது, அதனால கைக்குழந்தை இருக்குறவங்க இன்னைக்கே பாருங்க.

கார்ல நாங்க வெச்சிருக்குற பை இவ்வளவுதான்: சின்ன பாக்கெட் ஆறு, 200 மில்லி கோடு போட்ட பாட்டில், ஒரு ஸ்பூன், ஜிங்க், மாத்துத் துணி. பாலாடை அத்தை வீட்டுலயே இருக்கு, தர மாட்டேன்னுட்டாங்க. டாஷ்போர்டு சூட்டுல பாக்கெட் கட்டிதட்டிப் போகும், அதனால பையைச் சீட்டுக்கு அடியில வைங்க, கிளம்புறதுக்கு முன்னாடி காலாவதி தேதியையும் ஒரு தடவை பார்த்துடுங்க.